காருக்குள் கடுமையான சைலன்சர் புகை நாற்றம்: கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

மாலைத்தென்றல்

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. சில வாரங்களாகக் காருக்குள் சைலன்சர் புகை நாற்றம் வருகிறது. ஓட்டும் எனக்கு லேசாகத்தான் தெரிகிறது. பின் இருக்கையில் உட்காரும் அம்மாவால் தாங்க முடியவில்லை. வண்டி நிற்கும்போதும் மெதுவாக ஊர்ந்து போகும்போதும் நாற்றம் அதிகம். இறங்கியதும் தலை வலிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார். சிறிது நேரம் படுத்து எழுந்தால் தேறிவிடுகிறார்.

நாற்றம் வரும்போதெல்லாம் வெளிக்காற்றை அடைத்து ஏ.சி.யை உள்சுழற்சியில் வைக்கிறேன். குறைய வேண்டியது கூடுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு பணிமனையில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். அது பெரிய செலவு. அதற்குமுன் நானே பார்த்துக்கொள்ளக்கூடிய சோதனைகள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வெண்புறா

கார் விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் மருத்துவமனையில் செவிலியர். அம்மாவைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரில் ஏறினால் தலைவலி, இறங்கி ஓய்வெடுத்தால் தேறுவது என்பது கார்பன் மோனாக்சைடு உடலில் சேர்வதன் அடையாளமாக இருக்கலாம். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உங்கள் மூக்கில் படும் நாற்றம் புகையில் கலந்துள்ள வேறு பொருள்களுடையது. அதனால் நாற்றம் குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று எண்ணக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். நல்ல காற்றைச் சுவாசித்தாலும் ரத்தத்தில் சேர்ந்த அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். படுத்து எழுந்ததும் தேறியதுபோல் இருக்கும். அதற்குள் ரத்தம் சுத்தமாகியிருக்காது.

இன்னொன்று. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை வைத்து, 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபினைப் பற்றியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. அடுத்த முறை தலைவலி வந்தால், காருக்குள் புகை வந்தது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒற்றைத் தலைவலி, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு வழியில் போய்விடும். பழுது சரியாகும்வரை அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

கருவிப்பெட்டி

சகோதரி சொன்னதைத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், தனியாகப் போங்கள். கண்ணாடிகள் எல்லாவற்றையும் முழுதாக இறக்கிவிடுங்கள். ஃபேனை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் வையுங்கள். பின்கதவு இறுக மூடியிருக்கட்டும்.

கன்வெர்ட்டர் கதைக்கு வருவோம். கன்வெர்ட்டர் கெட்டுப்போனால் பின்குழாயிலிருந்து வெளியேறும் புகை இன்னும் அழுக்காக இருக்கும். ஆனால் அந்தப் புகையைக் காருக்குள் கொண்டுவரும் வேலையைக் கன்வெர்ட்டர் செய்யாது. காருக்குள் நாற்றம் வருகிறது என்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். புகை எங்கே வெளியேறுகிறது? அது எங்கே உள்ளே நுழைகிறது? பெரும்பாலான மெக்கானிக்குகள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குழாயை அடைத்துக் கொடுப்பார்கள், நாற்றம் பாதியாகும், வாடிக்கையாளரும் பழகிப்போவார். பழகிப்போவதுதான் இதில் எனக்கு மிகவும் கவலை தருவது. மூக்கு சில நிமிடங்களிலேயே மரத்துவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. வெளிக்காற்று நிலையில் ஃபேன் ஓடும்போது, கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் பின்விளிம்பில் இருக்கும் துவாரம் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. அதனால் காருக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாகி, காற்று பின்பக்கம் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். புகை கசிவது என்ஜின் அறையில் என்றால் இந்த நிலையில் நாற்றம் கூடும், உள்சுழற்சிக்கு மாற்றினால் குறையும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. உள்சுழற்சியில் அந்தக் கூடுதல் அழுத்தம் இல்லாமல் போவதால், பின்னாலோ அடியிலோ உள்ள ஓட்டைகள் வழியே புகை நுழைகிறது என்று தோன்றுகிறது. பின் இருக்கையில் அதிகம் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

உறுதிசெய்ய இவற்றைச் சொல்லுங்கள்: காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் முன்பக்கம் டிக் டிக் என்று ஒலி வந்து, சூடானதும் மறைகிறதா? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வண்டியின் அடியில் புஸ் என்ற சத்தம் உண்டா? நாற்றம் எப்படிப்பட்டது? பின்பக்கம் எப்போதாவது இடிபட்டு வேலை பார்த்ததுண்டா?

நீலவானம்

என்னுடைய கருத்து வேறு. கன்வெர்ட்டர் வேலை செய்யும் வண்டியில் வெளியே வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் நைட்ரஜனும்தான். நெரிசலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் லாரியின் புகை எல்லோர் காருக்குள்ளும் வரத்தான் செய்யும். இதற்குப் போய் இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

கருவிப்பெட்டி

முன்வண்டியின் புகையா என்பதைப் பார்த்துவிடுவது நியாயம்தான். ஆளரவமற்ற திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் அது தெரிந்துவிடும்.

மற்றதை ஏற்க முடியவில்லை. கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்குவதற்கே அதன் உட்புறம் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் எரிபொருள் கலவை செறிவாகவும் இருக்கும், கன்வெர்ட்டரும் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது வரும் புகை முழு நச்சு. கசிவு கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால் வண்டி எவ்வளவு சூடானாலும் சுத்திகரிக்காத புகைதான் கசியும். அதோடு, முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புகளுக்கு இடையே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பார்த்து, ஆக்சிஜன் மிஞ்சுகிறது, எரிபொருள் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும். ஸ்கேனரில், கலவையில் எரிபொருள் குறைவு என்பதைக் குறிக்கும் பி0171 என்ற குறியீடு வந்தால் பலர் இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்பையும் கழற்றுகிறார்கள். சென்சாருக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டை யாரும் பார்ப்பதில்லை.

மாலைத்தென்றல்

இருவருக்கும் நன்றி. அம்மாவை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். இப்போது அவர் காரில் ஏறுவதில்லை.

கேட்டவற்றுக்குப் பதில்: டிக் டிக் ஒலி இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் அடியில் சற்று முரட்டுத்தனமான சத்தம் வருகிறது; முன்பு இப்படி இல்லை. நாற்றம் சாதாரணமாக வண்டியின் பின்னால் நின்றால் வருமே, அதேதான். திறந்தவெளியில் தனியாக நிறுத்திப் பார்த்தேன், அங்கும் வருகிறது. பின்பம்பரில் ஒரு வண்டி இடித்து, பம்பரை மாற்றி வண்ணம் அடித்து வாங்கினோம். ஆனால் அது நாற்றம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பு.

டீசல்நேசன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டீசல் வண்டி. எனக்கு வெளிக்காற்று நிலையில்தான் நாற்றம்; ஏ.சி. துவாரத்தில் முகத்தை வைத்தால் நேரடியாக வருகிறது. உள்சுழற்சியில் நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்தால் என்ஜினிலிருந்து சப் சப் என்று ஒரு சத்தம் கேட்கிறது. டீசலில் கார்பன் மோனாக்சைடு கிடையாது என்கிறார்களே, அது உண்மையா?

கருவிப்பெட்டி

பெட்ரோலைவிடக் குறைவு, இல்லவே இல்லை என்பது தவறு. நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரித்துகள்களும் டீசலில் கூடுதல். நுரையீரலுக்கு அவையும் கேடுதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் பார்ப்பது இன்ஜெக்டர்களின் அடியை. மேல்மூடியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல் கருப்பாக, கெட்டியாகப் படிந்திருந்தால், அதன் கீழிருக்கும் தாமிர வாஷர் பிடிப்பை விட்டுவிட்டது. எரியறையிலிருந்து வாயு ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் ஓரமாகப் பீறிட்டு வருகிறது. நீங்கள் கேட்கும் சப் சப் அதுதான். அந்த வாயு பானெட் துவாரம் வழியாக ஏ.சி.க்குள் போகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். படிவு இறுகிவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு. உட்காரும் இடமும் அரித்துப்போகும். தார் எதுவும் இல்லையென்றால், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். குழாய், டர்போவுக்கு வரும் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

மாலைத்தென்றல் தம்பி, உங்கள் பதிலில் எல்லாமே பின்பக்கத்தையே காட்டுகின்றன. சோதனை முறையைத் தனியாக எழுதுகிறேன்.

கருவிப்பெட்டி

இதெல்லாம் திறந்தவெளியில். கொட்டகைக்குள், கதவு திறந்திருந்தாலும், என்ஜினை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல.

முதலில் கண்ணால் பார்ப்பது. என்ஜின் முழுதாக ஆறியிருக்கட்டும். மேனிஃபோல்டிலிருந்து பின்குழாய் வரை டார்ச் வெளிச்சத்தில் வரிசையாகப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி ஒரு திசையில் விசிறியடித்ததுபோல் படிந்திருக்கும். துரு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். துருவின்மேல் கரிக்கோடு இருந்தால் அங்கே நில்லுங்கள். முன்பக்கம் ஃப்ளெக்ஸ் பைப்பின் கம்பிப்பின்னல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் ஆடும் ஆட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது அதுதான். பின்னலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய் கிழிந்தால் வெளியே தெரியாது. பின்பக்கம் குழாய் சைலன்சருக்குள் நுழையும் வெல்டிங்கை விரலால் மேல்பக்கமும் தடவிப் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் குழாய் மேல்பக்கத்தில் ஓட்டையாகியிருக்கும். மேல்பக்கக் கசிவுதான் நேராகக் காரின் தளத்தில் மோதும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? தூசு உறிஞ்சும் கருவியின் ஊதும் பக்கத்தையோ சாதாரண புளோயரையோ பின்குழாயில் வைத்து, ஈரத்துணியால் சுற்றி அடையுங்கள். என்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும். புளோயர் ஓடும்போது சோப்புத் தண்ணீரை ஒவ்வோர் இணைப்பிலும் தெளித்துக்கொண்டே போங்கள். கசிவு இருந்தால் அங்கே நுரை பொங்கும். ஒரு எச்சரிக்கை: பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே ஒரு சிறு துளை போட்டிருப்பார்கள். அதில் நுரை வந்தால் பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பிறகு நுழையும் வழி. பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். நன்றாகப் பிடித்து இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் சரியாக மூடவில்லை. சுற்றிலும் பல இடங்களில் இப்படிச் செய்யுங்கள். இரவில் ஒருவர் டிக்கிக்குள் பிரகாசமான விளக்கை வைத்து மூடிவிட்டு, வெளியிலிருந்தும் அடியிலிருந்தும் ஒளி எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். பின்விளக்குகளின் கேஸ்கெட், வயர்கள் உள்ளே வரும் ரப்பர் வளையங்கள், ஸ்பேர் சக்கரக் குழியின் அடைப்பான்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

இதில் கடைசியாக ஒன்று. உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதுபோல. பின்பம்பருக்குப் பின்னால், உடலின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ, பிளாஸ்டிக் சட்டத்தில் மெல்லிய ரப்பர் இதழ்கள் இருக்கும். கதவைச் சாத்தும்போது காருக்குள் உள்ள காற்று வெளியேற வேண்டுமல்லவா, அதற்கான வழி. இதழ் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். உள்ளே வர விடாது. பம்பரைக் கழற்றி மாட்டும் வேலையில் இது உடைந்தாலோ, கழன்று விழுந்தாலோ, வண்ணம் பட்டு ஒட்டிக்கொண்டாலோ யாரும் கவனிப்பதில்லை. சைலன்சருக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அகல ஜன்னல் திறந்து கிடக்கும்.

கூடுதல் செய்தி ஒன்று. இந்த நுழையும் வழி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 2011 முதல் 2017 வரையான மாடல்களில் புகை நாற்றம் குறித்த புகார்களை அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-இல் விசாரிக்கத் தொடங்கி 2023-இல்தான் முடித்தது. அந்த வண்டிகளுக்கு நிறுவனம் இலவசமாகச் செய்து கொடுத்த வேலையைப் பாருங்கள்: பின்கதவின் வடிகால் வால்வுகளை மாற்றுவது, பின்பக்க இடைவெளிகளை அடைப்பது, ஏ.சி. வெளிக்காற்றை அதிகமாக எடுக்கும்படி மென்பொருளைத் திருத்துவது. நான் சொன்ன இரண்டாவது கேள்விக்கான விடைகள் இவை.

சக்கரம்

நல்ல விளக்கம். ஐயா, ஒரு சிறு ஐயம். நாற்றத்தின் வகையைக் கேட்டீர்களே, அது எதற்கு?

கருவிப்பெட்டி

எரியாத பெட்ரோல் வாடை அடித்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது பெட்ரோல் ஆவியைச் சேர்த்து வைக்கும் கேனிஸ்டர் பக்கம் கோளாறு. அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. என்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்போதும் கன்வெர்ட்டர் சோர்ந்துபோகும்போதும் அது வரும். அப்போது கன்வெர்ட்டரைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் அதிகப் பெட்ரோல் போவதற்கான காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டரைப் போட்டால் அதுவும் போய்விடும். இனிப்பாக வாடை வந்து கண்ணாடியில் உட்புறம் பிசுபிசுப்பான பனி படிந்தால் டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் கூலன்டைக் கசியவிடுகிறது. எண்ணெய் கருகும் வாடை பெரும்பாலும் டேப்பட் கவர் கேஸ்கெட் வழியே ஆயில் வழிந்து சூடான மேனிஃபோல்டின்மேல் விழுவதால். அதைத் தள்ளிப்போட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

மாலைத்தென்றல்

சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டேன். முன்பக்கம் எதுவும் இல்லை. கன்வெர்ட்டரின் இரு பக்க இணைப்புகளிலும் நுரை வரவில்லை. பின் அச்சைத் தாண்டி, குழாய் சைலன்சருக்குள் நுழையும் இடத்தில் மேல்பக்கம் வெல்டிங் ஓரமாகக் குபுகுபுவென்று நுரை வந்தது. கண்ணாடியை மேலே நீட்டிப் பார்த்தேன். நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. அதற்கு நேர் மேலே தளத்தில் கரி வட்டமாகப் படிந்திருக்கிறது. விரலால் தொட்டால் கருப்பாக ஒட்டுகிறது.

கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி வாங்கலாமா? வீடுகளில் மாட்டும் அலாரம் போதுமா?

நீலவானம்

ஓட்டை இடம் தெரிந்துவிட்டதே. வெப்பம் தாங்கும் சிலிகான் பசையை வைத்து அடைத்துவிடுங்கள். எதற்கு மேற்கொண்டு செலவு?

கருவிப்பெட்டி

வேண்டாம். சிலிகான் பசைகளில் மிகச் சிறந்ததே 300 முதல் 350 டிகிரி வரைதான் தாங்கும். சைலன்சர் பக்கம் சில காலம் நிற்கலாம், பிறகு உதிர்ந்துவிடும். உதிர்ந்தது உங்களுக்குத் தெரியாது. சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் யாராவது இதை வைத்தால் இன்னும் மோசம். பசையிலிருந்து வரும் சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சாரைப் பாழாக்கும். புகைக்குழாய்க்கென்றே விற்கும் பசை ஒன்று உண்டு, சூட்டில் கல்லாக இறுகும். பணிமனைக்குப் போய்ச் சேரும்வரை அது உதவும். அதிர்வில் வெடித்துவிடும் என்பதால் அதையே நம்பி இருக்கக் கூடாது.

தம்பி, உங்களுக்குச் செய்ய வேண்டியது வெல்டிங். பிளவின்மேல் அப்படியே வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். துருவால் தாள்போல் மெலிந்த தகடு, வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை விழும். நல்ல உலோகம் கிடைக்கும் இடம்வரை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு குழாய் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருப்பதால் குழாயைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்வதே நல்லது. தொங்கவிடும் ரப்பர்களையும் பாருங்கள். ஒன்று அறுந்திருந்தால் சைலன்சரின் எடை முழுக்க அந்த வெல்டிங்கில் விழுந்திருக்கும். பிளவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரப்பரை மாற்றாவிட்டால் புது வெல்டிங்கும் அதே வழியில் போகும்.

கருவி அவசியம் வாங்குங்கள். வீட்டு அலாரம் இதற்குச் சரிவராது. அமெரிக்க யு.எல். 2034 தரப்படி செய்த வீட்டு அலாரம், 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) அளவு 60 முதல் 240 நிமிடம் தொடர்ந்து இருந்த பிறகுதான் ஒலிக்கும். காரில் அதற்குள் பயணமே முடிந்துவிடும். 1 பிபிஎம் முதல் எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவியாக வாங்குங்கள். அம்மா உட்காரும் இடத்தில், தலை உயரத்தில் கட்டிவைத்துவிட்டு, கண்ணாடியை மூடி, நீங்கள் வெளியில் நின்று கண்ணாடி வழியே எண்ணைப் படியுங்கள். பழுது பார்க்கும் முன்பும் பின்பும் ஒரே முறையில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியாகிவிட்டது என்பதை மூக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வெண்புறா

அந்தக் கடைசி வரியை நான் அடிக்கோடிடுகிறேன். வெளியில் நின்று படிப்பதும் மிக முக்கியம்.

மாலைத்தென்றல்

கருவி வந்துவிட்டது. பழுது பார்க்கும் முன், திறந்தவெளியில், என்ஜின் குளிர்ந்த நிலையில் கிளப்பி ஐட்லிங்கில் விட்டேன். உள்சுழற்சியில் எண் ஏறிக்கொண்டே போய் 46 பிபிஎம் தொட்டது. அதற்கு மேல் போக விடாமல் என்ஜினை அணைத்துவிட்டேன். கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வண்டி ஆறிய பின் வெளிக்காற்று நிலையில் அதே சோதனை: 9-ஐத் தாண்டவில்லை. நீங்கள் சொன்ன கணக்கு எண்ணிலேயே தெரிகிறது.

பிறகு வேறொரு பணிமனைக்குப் போனேன். குழாயைக் கழற்றினார்கள். நடுவில் ஒரு தொங்கு ரப்பர் அறுந்து, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. துண்டு குழாய் வைத்து வெல்டிங் செய்து, ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். கன்வெர்ட்டரை யாரும் தொடவில்லை. முரட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

அளந்தேன். உள்சுழற்சியில் 6. முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். இதோடு விட்டுவிடலாமா?

கருவிப்பெட்டி

விடாதீர்கள். இப்போது புகை பின்குழாய் வழியாக மட்டும்தான் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி இன்னும் உள்ளே வருகிறது என்பதுதான் அந்த 6. நின்ற வண்டியில் லேசான காற்றுக்கே இவ்வளவு வந்தால், ஓடும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். நகரும் காரின் பின்னால் எப்போதும் ஒரு தாழ்வழுத்தச் சுழல் உருவாகும். பின்குழாய்ப் புகையை அது பின்கதவோடு ஒட்டவைத்து மேலே சுருட்டும். பின்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும் உங்கள் வகைக் காரில் இது இன்னும் அதிகம். பம்பரைக் கழற்றி அந்த இதழ்களைப் பாருங்கள்.

மாலைத்தென்றல்

பார்த்துவிட்டேன். வலப்பக்கம் நன்றாக இருக்கிறது. விரலால் தள்ளினால் வெளியே திறந்து தானாக மூடிக்கொள்கிறது. இடப்பக்கம் சட்டமே இல்லை! நான்கு மூலையிலும் கிளிப் உடைந்த தடம் மட்டும் இருக்கிறது. கையை விட்டால் டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் விரல் போய்த் தொடுகிறது. சைலன்சர் இருப்பதும் இடப்பக்கம். பம்பர் வேலை செய்த இடத்தில் எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். இத்தனை காலம் குழாய் நன்றாக இருந்ததால் நாற்றம் தெரியவில்லை. பிளவு வந்ததும் இந்தத் துவாரம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

புதுச் சட்டம் மிகச் சொற்ப விலைதான். கன்வெர்ட்டருக்குச் சொன்ன தொகையோடு அதை ஒப்பிடவே மனம் வரவில்லை. மாட்டிவிட்டு, பின்கதவு பீடிங்கில் காகிதம் வழுக்கிய ஒரு மூலையையும் சரிசெய்தேன்; பீடிங் அங்கே உட்கார வேண்டிய விளிம்பிலிருந்து கழன்றிருந்தது.

இப்போது உள்சுழற்சியில் 0. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதும் 0. பெருஞ்சாலையில் நண்பர் ஓட்ட, நான் பின்னால் கருவியோடு உட்கார்ந்து போனேன், 0. முன்பக்கக் கண்ணாடியை மூடிப் பின்பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கியபோது ஒரு கணம் 2 காட்டி மறைந்தது.

கருவிப்பெட்டி

மிக்க மகிழ்ச்சி தம்பி. அந்த 2 எதிர்பார்த்ததுதான். பின்கண்ணாடிகளை மட்டும் இறக்கினால் கார் பின்னாலிருந்து காற்றை இழுக்கும். திறந்தால் முன்பக்கமும் சேர்த்துத் திறவுங்கள். நீளமான பொருளை ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தபடி கயிறு கட்டி ஓட்டும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எந்தப் பழுதும் இல்லாத காரில்கூட அது புகையை அள்ளிக் கொண்டுவரும்.

டீசல்நேசன்

நீங்கள் சொன்னபடியே மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் கட்டியிருந்தது. உளிபோட்டுக் கொத்தியெடுக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. வாஷரை மட்டும் மாற்றினால் போதுமா? மெக்கானிக் பழைய போல்ட்டையே போடலாம் என்கிறார். கூடவே, பானெட்டின் பின்விளிம்பில் இருக்கும் நீள ரப்பர் பாதி கிழிந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கருவிப்பெட்டி

உண்டு. என்ஜின் அறைக்கும் ஏ.சி. காற்றெடுக்கும் துவாரத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அந்த ரப்பர்தான். வாஷர் கசிவு புகை வெளியேறும் இடம். கிழிந்த ரப்பர் அது உள்ளே வரும் வழி. இரண்டையும் மாற்றுங்கள்.

வாஷர் புதிதாக இருந்தாலும், அது உட்காரும் இடத்தில் கரி ஒட்டியிருந்தால் மறுபடி கசியும். அதற்கென்று உள்ள கட்டரால் அந்த இடத்தைச் சமமாகச் சுரண்டச் சொல்லுங்கள். துகள் சிலிண்டருக்குள் விழாமல் முதலில் துளையை அடைக்க வேண்டும். பல என்ஜின்களில் அந்த போல்ட் இறுக்கும்போது நீளும் வகை; ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டைப் பார்த்து, புது போல்ட் போட்டு, அதில் சொன்ன முறுக்கு அளவுக்கே டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். மற்ற இன்ஜெக்டர்களைச் சுற்றியும் ஈரக் கருப்பு தெரிந்தால் அவற்றையும் இப்போதே செய்துவிடுங்கள். இறுகுவதற்கு முன் கழற்றுவது எளிது.

சக்கரம்

நானும் ஒரு கருவி வாங்கிக் காரிலேயே நிரந்தரமாக வைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே வைப்பது நல்லது?

கருவிப்பெட்டி

முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே, மூச்சுவிடும் உயரத்தில், ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் அங்கே ஏறும் சூடு சென்சாரின் ஆயுளைத் தின்றுவிடும். நீண்ட நேரம் வெயிலில் நிறுத்தினால் கையோடு எடுத்துப் போங்கள். சென்சாருக்குக் காலாவதி உண்டு. கருவியின் முதுகில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி தாண்டிய பிறகு அது 0 காட்டினால் அந்த 0-ஐ நம்ப வேண்டாம்.